கோடைப் பயிற்சியில் பதறும் பிள்ளைகள்: என் அனுபவம்

மே மாதம் எங்கள் வேதியியல் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிளஸ் டூ பிள்ளைகளில் பாதிப் பேர், காலை நீட் வகுப்பு முடிந்து சாப்பிடாமலேயே ஓடி வருபவர்கள். ஒரு மாணவிக்கு, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகைத் தொட்டாலே கை நடுங்கும், அளவு 0.1 மில்லி மாறினால் கண் கலங்கிவிடும்.

முதலில் சாப்பாடு, அப்புறம்தான் வேலை என்று மாற்றினேன். வாராவாரம் எல்லோர் முன்னாலும் பேசவைப்பதை நிறுத்தினோம். இருவர் இருவராகக் குடுவை கழுவும்போது, செய்ததைச் சொன்னால் போதும். அங்கேதான் மனம்விட்டுப் பேசினார்கள், பாவம், வீட்டில்கூடச் சொல்லாததை எல்லாம். தூக்கமே வரவில்லை என்ற பையனுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 கொடுத்தேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். அவன் சம்மதித்த பிறகு அம்மாவிடமும் பேசினேன்.

அந்த மாணவி இப்போது தப்பான அளவையும் நோட்டில் எழுதுகிறாள், தாளைக் கிழிப்பதில்லை.