சட்டம் மாறியதா, எப்போதிலிருந்து?

தொழிலாளர் சட்டம் மாறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் பதறிப்போய் உங்கள் பணியாளர்களின் சம்பளக் கணக்கீட்டில் கை வைக்காதீர்கள். அது மசோதாவா, நிறைவேறிய சட்டமா, அமலுக்கே வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். மூன்றும் வேறு வேறு. நிறைவேறிய தேதிக்கும் அமலாகும் தேதிக்கும் நடுவே மாதங்கள், ஏன், சில நேரம் வருடங்கள்கூட ஓடிவிடும். அதைச் சட்ட வாசகத்திலோ அரசிதழ் அறிவிப்பிலோதான் பார்க்க வேண்டும், ஃபார்வர்டு செய்தியில் அல்ல.

அப்புறம், ஆள் எண்ணிக்கை. பல விதிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பணியாளர்கள் இருந்தால்தான் பொருந்தும். சட்டம் அப்படியே இருக்க, புதிதாக ஒருவரைச் சேர்த்த அன்றே உங்கள் கடமைகள் கூடியிருக்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நான் தொழிலாளர் துறை, வரித் துறை இரண்டின் மின்னஞ்சல் அறிவிப்புக்கும் பதிவு செய்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து படித்து, விதி, அமல் தேதி, திருத்த வேண்டிய ஆவணம் மூன்றையும் எக்செல்லில் குறித்துவிடுவேன். பணி நியமனக் கடிதத்தை மாற்றினால் பழைய மாதிரியை அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். பின்னால் தகராறு வந்தால், அன்றைக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.