அக்சுவரி படிக்கலாமா? பணம் கட்டுமுன் உங்களைச் சோதிக்கும் வழி

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ வந்தால், 'அக்சுவரி படியேன்' என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார். காப்புறுதி, பணிக்கொடை போன்று பிறகு கொடுக்கவேண்டிய பணத்துக்கு இன்று எவ்வளவு ஒதுக்குவது என்று கணிப்பவர்தான் அக்சுவரி. அந்த ஏ நல்லதுதான், ஆனால் அது பாதிச் சாட்சி. பிரயோக கணிதத்தில் மாய்ந்து மாய்ந்து படித்த கப்பியும் உராய்வும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே வேண்டியவை நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், கூட்டு வட்டி.

முதலில் வேலை எப்படியிருக்கும் என்று பாருங்கள். இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரைமாதப் பங்கு கிடைக்கும். சம்பளம் 80,000 ரூபாய், சேவை 12 வருடம் என்றால் 480,000 ரூபாய். இதுவரை எட்டாம் வகுப்புக் கணக்கு. அவர் இன்னும் விலகவில்லையே, கம்பனி இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கவேண்டும்? எப்போது போவார், அதுவரை சம்பளம் எவ்வளவு ஏறும், எந்த வட்டி வீதத்தில் அதை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவருவது? பத்து வருடம் கழித்துக் கொடுக்கவேண்டிய 100,000 ரூபாய்க்கு, 10 வீத வட்டியில் இன்று 38,554 ரூபாய் வேண்டும்; 20 வீதத்தில் 16,151 ரூபாய் போதும். 2022இல் அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தொட்ட நாட்டில் எந்த வீதத்தை எழுதுவது, அதைக் கணக்காய்வாளரிடம் எப்படி நியாயப்படுத்துவது என்பதுதான் தொழில். இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தால் மேலே வாசியுங்கள். 'விடையைச் சொல்லுங்கள், போகலாம்' என்று தோன்றினால் வேறு நல்ல வேலைகள் உண்டு.

அடுத்தது நேரக் கணக்கு. அக்சுவரித் தகைமைக்கு அமெரிக்க அக்சுவரிகள் சங்கத்தின் பரீட்சைகளையோ பிரித்தானியச் சங்கத்தின் பரீட்சைகளையோ எழுதலாம். அமெரிக்கச் சங்கத்தின் 'பி' (P) பரீட்சை நிகழ்தகவு பற்றியது: மூன்று மணித்தியாலம், 30 பல்தேர்வு வினாக்கள். பரீட்சையின் ஒரு மணித்தியாலத்துக்கு நூறு மணித்தியாலப் படிப்பு என்பது மாணவரிடையே புழங்கும் வாய்ப்பாடு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றாலும் ஐந்து மாதம் ஓடிவிடும். அதுவும் ஒரு தாளுக்கு மட்டும். முழுத் தகைமைக்குப் பத்துக்கும் மேற்பட்ட தாள்கள், அதுவும் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே. பலர் சறுக்குவது கணக்கில் அல்ல, ஆறாம் வருடத்து அலுப்பில்.

ஆகவே உடனே பதிவு செய்யாதீர்கள். அந்தச் சங்கம் 'பி'க்கான மாதிரி வினாக்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூன்று மாதம், கிழமைக்கு ஐந்து நாள், மாலை இரண்டு மணித்தியாலம் அவற்றோடு உட்காருங்கள். தவறிய வினாக்களை ஒரு கொப்பியில் எழுதி, பத்து நாள் கழித்து விடையைப் பாராமல் திரும்பச் செய்யுங்கள். கடைசி வாரத்தில் 30 வினாக்களை நேரம் வைத்துச் செய்து, 20 சரியானால் பணம் கட்டலாம். அந்த மூன்று மாதத்தில் எத்தனை மாலைகளைத் தவறவிட்டீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். இந்தச் சோதனையில் அந்த எண்தான் முக்கியம்.

பிரித்தானியச் சங்கத்தின் வழியில் எழுத்து விடைகள் அதிகம். மேல்தாள்களில் கணக்குத் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் விளக்கி எழுதவேண்டும். தமிழ்மூலம் படித்தவர்கள் கணிதத்தைவிட இதில்தான் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். முதல் தாளோடேயே எழுத்துப் பயிற்சியைத் தொடங்குவது புத்தி. எந்தச் சங்கம் என்பதை நண்பரிடம் கேட்காமல், வேலை தேடப்போகும் இடத்தில் கேளுங்கள்.

கட்டணம் பவுணிலோ டொலரிலோ. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐ எட்டியது. தோற்றால் அதே தாளுக்கு மறுபடி முழுக் கட்டணம். குறைந்த வருமானக்காரருக்குப் பிரித்தானியச் சங்கத்தில் சலுகைக் கட்டணம் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கொழும்பில் வாய்ப்புச் சிறியது. ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள், பணிக்கொடை மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், அவ்வளவுதான் பிரதானம். இரண்டு தாள் சித்தியடைந்ததும் பயிலுனராகச் சேரப் பாருங்கள். அனுபவமில்லாமல் ஆறு தாள் முடித்துவிட்டு வந்தால், எந்தச் சம்பளப் படியில் உட்காரவைப்பது என்று கம்பனியே தயங்கும். நேர்முகத்துக்கு முன் எக்செலும், 'ஆர்' (R) என்ற புள்ளிவிபரக் கணினி மொழியும் கையில் இருக்கட்டும்.