ரிசப்ஷன் மேடையில் மைக் பிடிக்கப் போகிறீர்களா? ஜோக்கும் மேஜிக்கும் எங்கே கிடைக்கும்?

நண்பனின் ரிசப்ஷனைத் தொகுத்து வழங்க ஒப்புக்கொண்டு விட்டீர்கள். உடனே இணையத்தில் ‘கல்யாண ஜோக்ஸ்’ என்று தேடியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் ஜோக்கில் பாதி சொல்வதற்குள் முன்வரிசைத் தாத்தா ஒருவர் மீதியைச் சத்தமாகச் சொல்லி முடித்தார். காலையில்தான் அவருக்கு வாட்ஸப்பில் வந்ததாம். சிரிப்பு வந்தது, ஆனால் அது அவருக்கு.

படி 1: முதலில் ஓட்டைகளைக் கணக்கெடுங்கள்

தொகுப்பாளரின் வேலை சிரிக்க வைப்பது என்று நினைக்க வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் ஓட்டையை அடைப்பதுதான் வேலை. அழைப்பிதழில் மாலை 6 மணி என்றிருக்கும். மணப்பெண் மேக்கப் முடிந்து வர ஏழரை ஆகும். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ‘செக், செக்’ என்று கால் மணி நேரம் ஓட்டுவார்கள். பரிசு கொடுக்க வரிசை நகராது. நிகழ்ச்சி நிரலை வாங்கி, எங்கெங்கே எத்தனை நிமிடம் காலியாக விழும் என்று பக்கத்தில் எழுதுங்கள். 2 நிமிட ஓட்டைக்கு ஒரு ஜோக் போதும். 10 நிமிட ஓட்டைக்கு மேஜிக் வேண்டும். அளவு தெரியாமல் சரக்கு சேர்த்தால் பாதி வீணாகும்.

படி 2: ஜோக்கை வீட்டில் கேட்டு வாங்குங்கள்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு போன், மணப்பெண்ணின் தங்கைக்கு ஒரு போன். ‘ஏதாவது காமெடியா சொல்லுங்க’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘வீட்டில் எதற்கு அதிகமாகத் திட்டு வாங்குவார்?’ என்று கேளுங்கள், கொட்டும்.

ஒரு அம்மா என்னிடம் சொன்னது: ‘ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போட்டுட்டுப் போயிடுவான்.’ அதை நான் முதலில் இப்படி எழுதி வைத்தேன்: ‘மாப்பிள்ளை ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதால் அவர் அம்மா 28 வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார், இனிமேல் அந்தப் பொறுப்பை மணப்பெண் ஏற்றுக்கொள்வார்.’ தகவல் சரி, சிரிப்புதான் இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிரிப்பு வர வேண்டிய சொல் அதற்கு முன்னால் மாட்டிக்கொண்டு நசுங்கிப்போகிறது. வினையை வெட்டினேன்: ‘ஈரத் துண்டு எப்பவும் கட்டில் மேலதான். அம்மா 28 வருஷம் போராடிப் பார்த்தாங்க. இன்னைக்கு மருமகளுக்கு... சார்ஜ் ஹேண்டோவர்!’ அம்மாதான் முதலில் சிரித்தார்.

எந்த ஜோக்கையும் இப்படி வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள். சிரிப்புச் சொல்லுக்குப் பிறகு ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ஸ்டாண்டப் கலைஞர்களின் வீடியோவிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்லாதீர்கள். அது அவர்கள் உழைப்பு. தவிர, கூட்டத்தில் பாதிப்பேர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். நிறம், பருமன், சாதி, பழைய காதல் பற்றி வாயே திறக்கக் கூடாது. சொல்லப்போகும் விஷயத்தை முன்கூட்டியே சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் பாருங்கள். ராஜா வேஷத்தை அறிமுகப்படுத்துவதும் அவர்தான், கிண்டலடிப்பதும் அவர்தான், நடுவில் உள்ளூர் விவகாரத்தை இழுப்பதும் அவர்தான். நாம் இன்று ‘காம்பியரிங்’ என்று சொல்வதை விடிய விடியச் செய்கிறார். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நேரத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் போதும்.

படி 3: மேஜிக்கில் கடைசி வரிசையை நினையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் சீட்டுக்கட்டைத்தான் எடுக்கிறார்கள். 21 சீட்டை மூன்று வரிசையாகப் பிரித்து, சொன்ன வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மூன்று முறை செய்தால் நினைத்த சீட்டு மேலிருந்து 11ஆவதாக வருமே, அது சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்குக் காட்ட நல்ல வித்தை. மண்டபத்தில் மூன்றாவது வரிசைக்கே தெரியாது.

மண்டபத்துக்குக் கயிறு நல்லது. தடிமனான வெள்ளைப் பருத்திக் கயிறு தூரத்திலிருந்தும் தெரியும், பாக்கெட்டில் அடங்கும். வெவ்வேறு நீளமுள்ள மூன்று கயிறுகள் ஒரே நீளமாகும் வித்தை மேஜிக் சாமான் கடைகளில் கிடைக்கும், செய்முறையோடு தருவார்கள். ஒன்றே ஒன்று வாங்கி, தினமும் கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். அதோடு வரும் பேச்சை மட்டும் வாங்காதீர்கள், அது உங்களுடையதாக இருக்கட்டும். நான் சொல்வது: ‘குட்டையான கயிறு மாப்பிள்ளையின் பொறுமை, நடுவில் இருப்பது பெண்ணின் பொறுமை, நீளமானது போட்டோகிராபரின் பொறுமை.’ ஒரு எச்சரிக்கை: குழந்தைகள் மேடையின் பக்கவாட்டில் வந்து உட்காருவார்கள். கையில் மறைப்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். தொடங்கும் முன் எல்லோரையும் எதிரே வரச்சொல்லுங்கள்.

படி 4: 1089ஆம் குறள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணக்கு பழசு, கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஒருவரை மூன்று இலக்க எண் நினைக்கச் சொல்லுங்கள். முதல் இலக்கம் கடைசி இலக்கத்தைவிடக் குறைந்தது 2 அதிகமாக இருக்க வேண்டும். 732 என்று வைப்போம். திருப்பிப் போட்டுக் கழித்தால் 732 - 237 = 495. அதையும் திருப்பிப் போட்டுக் கூட்டினால் 495 + 594 = 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1089தான். கழித்து வரும் விடை எப்போதும் 99இன் மடங்கு. நடு இலக்கம் 9, ஓரங்கள் இரண்டையும் கூட்டினாலும் 9. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது திருக்குறளை எடுத்து 1089ஆம் குறளை மணப்பெண்ணின் தோழியை வாசிக்கச் சொல்லுங்கள்:

*பிணையேர் மடநோக்கும் நாணும் உடையாட்கு*
*அணியெவனோ ஏதில தந்து.*

பெண்மான் போன்ற பார்வையும் நாணமும் இருப்பவளுக்கு வேறு நகை எதற்கு என்கிறார் வள்ளுவர். மணப்பெண் மேடையில் நிற்கும்போது இது வந்து விழுந்தால் கூட்டம் ‘ஓ’ என்று கத்தும். ‘மாமா, இந்தக் குறளை ஒரு மாசம் முன்னாடி படிச்சிருக்கலாம்ல!’ என்று பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொல்லலாம். இரு வீட்டுக்கும் நகைப் பேச்சில் மனத்தாங்கல் இருந்திருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள், குறள் மட்டுமே போதும். கணக்கை மனதில் போடவிடாதீர்கள், போனில் கால்குலேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரே மேடையில் இரண்டாம் முறை செய்யவும் கூடாது. விடை மாறாது என்பது தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் எடுப்பாக வேண்டுமா? அந்தக் குறளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, நிகழ்ச்சி தொடங்கும்போதே ஒரு பெரியவரிடம் கொடுத்து வையுங்கள். கடைசியில் அவரே பிரித்துக் காட்டுவார். கவர் மட்டும் பெரியதாக, சிவப்பு நிறத்தில் இருக்கட்டும். முதல் தடவை நான் சாதாரண வெள்ளைக் கவரை மணப்பெண்ணின் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர்தான் மொய் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்கவில்லை. உச்சகட்டத்தில் கவரைக் கேட்டால் மனிதர் மஞ்சள் பையைக் காட்டுகிறார். உள்ளே அதே மாதிரி இருநூறு கவர். மறுநாள் பிரித்தபோதுதான் கிடைத்ததாம். மொய் நோட்டில் என் பெயருக்கு நேரே ‘திருக்குறள் - 1’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.