ஹிமாலியாவைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் திடலில் இரண்டு தம்பிகள் டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி, வியாழனின் வெளி நிலவு ஹிமாலியாவைத் தேடினார்கள். 2020இல் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில்! சும்மா இருக்க முடியவில்லை. ஃபோகஸ், முக்காலி ஆட்டம் எல்லாம் தானாகப் பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் ஊர் நேரத்தைப் போடுவது

நாசாவின் ஹொரைசான்ஸ் தளம் நிலவின் இடத்தை உலக நேரத்துக்குக் (UTC) கணக்கிட்டுத் தரும். நம் கடிகாரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. இங்கே 5ஆம் தேதி அதிகாலை 1 மணி என்றால், அங்கே 4ஆம் தேதி மாலை 5 மணி, தேதியே மாறிவிடும். நான் போனில் தெரிந்த நேரத்தை அப்படியே தட்டினேன். அந்த 2020 ஜூலையில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே நின்றது. அப்போது அது நட்சத்திரங்களுக்கு நடுவே மணிக்கு ஏறக்குறைய 20 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்) நகரும், நிலவும் கூடவே போகும். 8 மணி நேரப் பிழை என்றால் வியாழனின் வட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளிப் பார்க்கிறோம் என்று அர்த்தம். வியாழன் இருந்ததோ தனுசில், எங்கே கைவைத்தாலும் நட்சத்திரம். குறித்த இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி இருந்தது. அதையே ஹிமாலியா என்று நம்பி, பிரேம் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன், அவர் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். செப்டம்பரில் அதே இடத்தைப் படமெடுத்தபோது வியாழன் நகர்ந்து போயிருந்தது, அந்தப் புள்ளி மட்டும் அசையவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, அந்த வருடமே போச்சு. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

லேப்டாப் கடிகாரத்தை உலக நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். நகராத புள்ளி நிலவு இல்லை.

வியாழனை ஒட்டியே தேடுவது

வியாழனின் பெரிய நிலவான கனிமீடு மாதிரி ஹிமாலியா பக்கத்தில் இருக்காது. வியாழனிலிருந்து சராசரியாக 1 கோடி 14 லட்சம் கிலோமீட்டர், வானத்தில் ஒரு டிகிரி வரை விலகும், அதாவது இரண்டு முழுநிலவு அகலம். ஒளித்தரம் (எண் கூடக் கூட மங்கல்) 14.6தான், வியாழனின் வெளிச்சத்தில் மறைந்துவிடும், அதனால் வியாழனைப் படத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

மணிக்கணக்கில் படங்களை அடுக்குவது

நட்சத்திரங்கள் பொருந்தும்படி படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நகரும் புள்ளியைக் கோளாறு என்று மென்பொருளே அழித்துவிடும். பத்து நிமிடம் போதும்.

கண்ணால் பார்க்க முயல்வது

8 அங்குல டெலஸ்கோப்பில் நடக்காது. 1904இல் வானியலாளர் பெர்ரைன் அமெரிக்காவின் லிக் ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடித்ததும் புகைப்படத்தில்தான்.

பனி

செம்பனை ஓரத்தில் லென்ஸ் சீக்கிரம் நனையும். ஹீட்டர் கட்டுங்கள்.

எலாராவில் தொடங்குவது

வேண்டாம். எலாரா வியாழனின் இன்னொரு வெளி நிலவு, ஹிமாலியாவைவிட ஆறு மடங்கு மங்கல்.