பழைய காருக்குப் புதிய வைப்பர்: மோட்டாரில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வைப்பரின் நினைவு ஆண்டுக்கு இரண்டு முறைதான் வரும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பகல் முழுவதும் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு கொட்டும் மழையில் ஒரு முறை. ஐப்பசி, கார்த்திகையில் நசநசவென்று விடாமல் பெய்யும் மழையில் இன்னொரு முறை. மற்ற மாதங்களில் அது வெயிலில் வெந்துகொண்டு கிடக்கும். பள்ளிகொண்டாவைத் தாண்டிய நெடுஞ்சாலையில், முன்னே போகும் லாரி வாரி இறைக்கும் சேற்றுநீரில் கண்ணாடி மங்கிப்போன பிறகே, இந்த மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேகமான மோட்டார் ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும் என்று தோன்றும். அந்த அவசர முடிவுதான் முதல் தவறு. ஏனெனில் மோட்டாரின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி வேறு உறுப்புகளுக்குச் சேர வேண்டியது.

இதை நான் காசு செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதன் வைப்பர் தள்ளாடுவதைப் பொறுக்க முடியாமல், புதுப்பேட்டைக்குப் போய் வலுவான மோட்டார் ஒன்றைத் தேடி வாங்கி வந்து பொருத்தினேன். கண்ணாடி முன்போலவே மங்கலாக இருந்தது. போதாததற்கு, ஒரே மழைக்காலத்தில் உள்ளிருந்த பல்சக்கரம் ஒன்றின் பற்கள் மழுங்கிப்போயின. அதைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பாய், "காளை இளைச்சிருக்கா, கலப்பை கல்லுல மாட்டியிருக்கான்னு பாக்காம சந்தைக்கு ஓடுனா எப்படி சார்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலப்பை எங்கே மாட்டும் என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஹெரால்டு போன்ற இங்கிலாந்து வழி வந்த கார்கள் பலவற்றில், மோட்டார் ஒரு மூலையிலும் வைப்பர் கைகள் வேறு இடத்திலும் இருக்கும். இரண்டையும் இணைப்பது, மேலே சுருள் சுற்றிய, வளையக்கூடிய ஒரு கம்பி. குழாய்க்குள் அது முன்னும் பின்னும் நகரும்போது, ஒவ்வொரு கைக்கும் கீழே உள்ள சிறு பெட்டியில் ஒரு பல்சக்கரம் அங்குமிங்கும் திரும்பும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழாயைத் திறந்தால், உள்ளே இருந்த கிரீஸ் உலர்ந்து மெழுகுபோல் இறுகியிருக்கும். என் வண்டியில் அதைக் குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த மெழுகுக்குள் கம்பியை இழுக்க வலுவான மோட்டாரைப் போட்டால், அந்த வலு முழுவதும் பற்களின் மேல்தான் போய் விழும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வேலூர் லாங் பஜாரில் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் தொங்கு ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து கம்பியை விடுவித்து, அதன் முனையில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி செய்த இத்தகைய பழைய அமைப்புக்கு 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ, மேல்வரம்பு. அதைத் தாண்டினால் குழாய் நசுங்கியிருக்கிறது, கிரீஸ் இறுகியிருக்கிறது, அல்லது பல்சக்கரத்தின் தண்டு துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் இட்டாலே பல வண்டிகளில் வைப்பருக்கு உயிர் வந்துவிடும். பல்சக்கரம் தேய்ந்திருந்தாலும் உடனே எறிந்துவிட வேண்டாம். அது முழுச்சுற்று சுற்றுவதில்லை என்பதால் ஒரு பக்கத்துப் பற்கள்தான் தேய்ந்திருக்கும். கழற்றி அரைவட்டம் திருப்பிப் போட்டால் தேயாத பற்கள் வேலைக்கு வரும்.

அடுத்த தவறு ரப்பரில் நடக்கிறது. கம்பெனி டப்பாவோடு, பிரிக்கவே பிரிக்காத பழைய இருப்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து பெரிய விலை கொடுப்பவர்கள் உண்டு. டப்பா புதிதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. நாற்பது டிகிரியைத் தாண்டும் கோடைகள் பலவற்றைக் கடையின் மேல்தட்டிலேயே கழித்த ரப்பர் விறைத்துப்போயிருக்கும். உலோகச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய ரப்பரை அளவுக்கு வெட்டிச் செருகுவதே அறிவுடைமை. வண்டியை வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால், பிளேடுகளைக் கழற்றி வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடலாம்; வெறும் கை கண்ணாடியில் அடித்துவிடாமல் அதன் முனையில் துணியைச் சுற்றிவைக்க மறக்கக் கூடாது.

ரப்பரை மாற்றியும் வைப்பர் கிறீச்சிடுகிறது, கோடு போடுகிறது என்றால் கண்ணாடியை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் வண்டி கழுவிக் கழுவி, குடத்தின் அடியில் படிவது போன்ற வெள்ளை உப்பு கண்ணாடியிலும் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பெயின்ட்டில் படாமல் கழுவினால் அது போகும். அதே தண்ணீரை வாஷர் தொட்டியில் ஊற்றுவதும் தவறு. ஊசிமுனை போன்ற துளை சில மாதங்களில் அடைபட்டுவிடும். மழை இல்லாத நாளில் காய்ந்த கண்ணாடியின் மேல் வைப்பரை ஓட்டிப் பார்ப்பதோ எல்லாவற்றையும்விடக் கெடுதி. குவாரித் தூசியும் சாலைப் புழுதியும் ஏறிய கண்ணாடியில் அது உப்புத்தாள் தேய்ப்பதுபோல்தான். மோட்டாரும் தன் சுமைக்கு மேல் இழுத்துச் சூடாகும்.

பிளேடின் நீளத்தில் ஆசை வேண்டாம். ஓர் அங்குலம் கூட்டினால் இன்னும் கொஞ்சம் கண்ணாடி துடைபடும் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் இரண்டு பிளேடுகளும் நடுவில் மோதிக்கொள்ளவோ, ஓரத்து ரப்பர் பட்டையில் இடிக்கவோ கூடும், மோட்டாரின் சுமையும் ஏறும். மேலும், கையின் ஸ்பிரிங் தரும் அழுத்தம் பழைய நீளத்துக்கே அளவானது. பிளேடின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 கிராம் அழுத்தம் வேண்டும். 25 சென்டிமீட்டர் பிளேடு என்றால் 375 கிராம். அதே தொங்கு தராசைக் கையின் நுனியில் மாட்டி, பிளேடு கண்ணாடியை விட்டு எழும் வரை இழுத்தால் இது தெரிந்துவிடும். இப்போதைய கார்களுக்கு வரும் சட்டமில்லாத வளைந்த பிளேடுகள், வளைந்த கண்ணாடியையும் அதற்கேற்ற அழுத்தத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஜீப்பின் தட்டைக் கண்ணாடியில், தளர்ந்த ஸ்பிரிங்கோடு மாட்டினால், இரண்டு முனைகளும் அழுந்தி நடுப்பகுதி, அதாவது ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே உள்ள பகுதி, துடைபடாமல் நிற்கும். பார்வைக்கும் அந்தக் கறுப்புப் பட்டை பழைய வண்டிக்கு ஒட்டாது என்பது என் எண்ணம்.

கையைப் பொருத்துவதற்கு முன் மோட்டாரை ஒரு முறை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, அது தானே நிற்கும் இடத்தில் நின்ற பிறகே பொருத்த வேண்டும். இதை மறந்தால் முதல் வீச்சிலேயே பிளேடு பானட்டின் மேல் போய் அடிக்கும்.

மின்சாரப் பக்கம் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை, செலவும் அதிகம். வைப்பர் மெதுவாக ஓடுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, அதில் உள்ள கோளாறுதான். டிங்கரிங் முடிந்து பெயின்ட் அடித்த வண்டியில், எர்த் வயரின் முனை பெயின்ட்டின் மேலேயே திருகப்பட்டிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகு, வைப்பர் ஓடும்போது மோட்டாரின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12 இருந்து மோட்டாரில் 10தான் வருகிறது என்றால் குற்றம் வயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பழைய லூகாஸ் மோட்டார் 3 ஆம்பியர் அளவுதான் இழுக்கும்.

ஃபியூஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருப்பது அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் வெந்துவிடும்.

அதைவிடப் பெரிய பொறி பேட்டரியின் முனைகளில் இருக்கிறது. இங்கிலாந்து வழி வந்த பல கார்களில் 1960களின் பிற்பகுதி வரை பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருந்தது. காயில் சுற்றிய பழைய மோட்டாருக்கு முனை மாறினாலும் சுழலும் திசை மாறாது. நிலைக்காந்தம் வைத்த இன்றைய இரண்டு வேக மோட்டாரோ தலைகீழாகச் சுழலும். தானே நிற்க வேண்டிய இடமும் குழம்பிப்போகும். விட்டுவிட்டு ஓடச் செய்யும் எலெக்ட்ரானிக் ரிலேவை முனை பார்க்காமல் இணைத்தால், அது அந்தக் கணமே போய்விடும். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது பழைய டைனமோவாக இருந்தால், அது எவ்வளவு தரும் என்பதையும் கணக்கிட வேண்டும். நல்ல வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர் அளவுதான் தரும் டைனமோக்கள் அவை. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில், மழை இருட்டில், ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது, சுமை முழுவதையும் பேட்டரியே தாங்கும்.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவற்றுள் பலவற்றில் வைப்பரை ஓட்டுவது மின்சாரம் அல்ல, எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது இழுப்பு குறைந்து, மழை வலுக்கும் நேரம் பார்த்து வைப்பர் நின்றுவிடும். அதை மின்சார மோட்டாராக மாற்றுவது நியாயமான மேம்பாடு. ஆனால் எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயில் பழைய ரப்பர் குழாய் இருந்த துளையை இறுக்கமாக அடைக்காமல் விட்டால் காற்று கசிந்து ஐடில் தடுமாறும். மோட்டார் வாங்கும் முன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்றும் பார்க்க வேண்டும்.

புது மோட்டாருக்கு இடம் போதவில்லை என்று கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் துளை போடுவது மட்டும் திருப்பி எடுக்க முடியாத தவறு. அங்கே தண்ணீர் தேங்கும், துரு தொடங்கும். 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோக நினைப்பவர், பாடி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. பழைய துளைகளிலேயே பொருந்தும்படி தனிக் கிளாம்ப் ஒன்றைச் செய்துகொள்ளலாம்; லேத் பட்டறையில் ஒரு நாள் வேலைதான்.

எல்லாம் முடிந்ததும் மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தெருவில் வண்டியை நிறுத்தி, ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க, பத்து நிமிடம் வைப்பரை ஓட்டி, மோட்டாரின் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் எங்கோ இன்னும் இறுக்கம் இருக்கிறது. மறுபடி தராசை எடுக்க வேண்டியதுதான். கை வைக்க முடிந்தால், டேஷ்போர்டை மூடிவிடலாம்.