கப்பல் சுற்றுலாவுக்கு விமானம் பதிவு செய்யும் முன்: எல்லைகளை எண்ணிப் பார்க்கும் முறை

கப்பல் சுற்றுலாவுக்கு முதன்முறையாகப் பதிவு செய்பவர்கள் எந்த அறை, எந்தத் தளம், எந்த ஊர்களில் இறங்கிப் பார்க்கலாம் என்பதில் வாரக்கணக்கில் நேரம் செலவிடுகிறார்கள். கப்பல் புறப்படும் துறைமுகத்திற்கு எப்படிச் சென்றடைவது, வழியில் எந்தெந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஒரு விமானம் தவறினால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் தவறினால், அது நிற்கவிருக்கும் அடுத்த துறைமுகத்திற்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். அந்த நாட்டிற்குள் விமானத்தில் நுழைவதற்கான ஆவணமும் அப்போது கையில் இருக்க வேண்டும். ஆகவே, கீழே சொல்லப்போகும் படிகளில் முதல் இரண்டையாவது, முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: ஒரு தாளில் எல்லைகளை எழுதுங்கள்

கப்பல் நிறுவனம் தரும் பயண நிரலில் ஊர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். உங்களுக்குத் தேவை ஊர்ப் பட்டியல் அன்று, எல்லைப் பட்டியல். வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் வரை, எந்த நாட்டிற்குள் எத்தனையாவது முறையாக நுழைகிறீர்கள், எப்போது வெளியேறுகிறீர்கள் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஏறி, இத்தாலியின் நேப்பிள்ஸ், துருக்கியின் குஷாடாசி, கிரீஸின் சாண்டோரினி வழியாக ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கும் பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் மூன்றும் ஷெங்கன் பகுதியை (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) சேர்ந்தவை என்பதால் ஒரு ஷெங்கன் விசா போதும் என்று தோன்றும். தாளில் எழுதிப் பார்த்தால் நிலைமை வேறு.

விமானத்தில் பார்சிலோனா: ஷெங்கன் பகுதிக்குள் முதல் நுழைவு.
நேப்பிள்ஸிலிருந்து குஷாடாசி: ஷெங்கனிலிருந்து வெளியேற்றம், துருக்கிக்குள் நுழைவு.
குஷாடாசியிலிருந்து சாண்டோரினி: ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு.
ஏதென்ஸிலிருந்து விமானம்: இறுதி வெளியேற்றம்.

ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை வைத்திருப்பவர் சாண்டோரினியில் சிக்கிக்கொள்வார். இன்னும் சரியாகச் சொன்னால், அதைக் கவனித்துவிடும் கப்பல் நிறுவனம் அவரைப் பார்சிலோனாவிலேயே ஏற்றாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு விசா கேட்டு, பயண நிரலைக் காரணமாக இணைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது. புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்பி வரும் வட்டப் பயணங்களுக்கும் இதே கணக்குத்தான்: மயாமியில் ஏறிக் கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு மயாமியில் இறங்குபவர், விமானத்தில் ஒருமுறையும் கப்பலில் ஒருமுறையுமாக அமெரிக்காவிற்குள் இரண்டு முறை நுழைகிறார்.

பட்டியலை எழுதும்போது பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. அதற்கு அருகிலேயே இருக்கும் மாண்டினீக்ரோ சேரவில்லை. ஆகவே, குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவின் கோட்டோருக்குச் செல்லும் ஓர் இரவுப் பயணம்கூட எல்லை கடந்த பயணம்தான். நீண்ட பயணம் செல்பவர்கள், ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியையும் இதே தாளில் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: வானில் வருபவரும் கடலில் வருபவரும் ஒன்றல்லர்

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. ஒரே நாடு, ஒரே பயணி, ஒரே பாஸ்போர்ட். ஆனால் விமானத்தில் வந்தால் ஒரு விதி, கப்பலில் வந்தால் இன்னொரு விதி.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்து அதே கப்பலில் திரும்பிச் செல்லும் சுற்றுலாப் பயணி எந்த நாட்டவராக இருந்தாலும், முழு விசா இல்லாமல், இணையத்தில் பெறும் மின்னணுப் பயண அனுமதியோடு அங்கே இறங்கலாம். அதே மனிதர் ஆக்லாந்துக்கு விமானத்தில் சென்று அங்கிருந்து கப்பல் ஏறுவதாக இருந்தால், விசா விலக்குப் பெற்ற நாட்டவராக இல்லாத பட்சத்தில், விசா எடுத்தாக வேண்டும். கப்பல் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று எங்கோ படித்துவிட்டு விமானத்திற்குப் பணம் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்தச் சலுகையைப் பற்றிப் படித்தாலும், அது கப்பலில் வந்து கப்பலிலேயே போகிறவருக்கா, வழியில் விமானம் ஏறுகிறவருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அலாஸ்கா பயணங்களில் இரண்டு நாடுகளின் விதிகள் பின்னிக் கிடக்கின்றன. வான்கூவரில் ஏறுபவருக்குக் கனடாவிற்குள் செல்ல ஓர் அனுமதி வேண்டும், அலாஸ்காவிற்காக அமெரிக்க அனுமதியும் வேண்டும். அமெரிக்க அதிகாரிகளின் சோதனை வான்கூவர் துறைமுகத்திலேயே நடைபெறுகிறது. சியாட்டிலில் ஏறுபவர்கள் அமெரிக்க விசா மட்டும் போதும் என நினைப்பதுண்டு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணம் நடத்த முடியாதபடி 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுப்பதால், அந்தக் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஓர் ஊரில் நின்றே வர வேண்டியிருக்கிறது. அந்தச் சில மணி நேரத்திற்காகவே கனடாவின் அனுமதியும் தேவைப்படலாம். அதே சட்டத்திற்கு இன்னொரு விளைவும் உண்டு: சியாட்டிலில் கப்பலைத் தவறவிட்டவர், விமானத்தில் அலாஸ்காவின் ஜூனோவிற்குப் பறந்து அங்கே ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது ஓர் அமெரிக்க ஊரில் ஏறி இன்னோர் அமெரிக்க ஊரில் இறங்கும் பயணமாகிவிடும் என்பதால், அப்படி ஏற்றிக்கொள்ளக் கப்பல் நிறுவனம் மறுக்கக்கூடும்.

கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் விசா வேண்டாம் என்பதும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. கப்பல் நீர் எல்லைக்குள் வந்தாலே பயணிகள் அனைவரிடமும் அனுமதி இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு. உங்கள் குடியுரிமைக்குரிய விதியை அந்தந்த நாட்டின் தூதரகத் தளத்தில் பாருங்கள். பயண முகவர் சொல்வதைத் துணைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணம் குறைந்தால் அதற்குரிய பொறுப்பு பயணியையே சேரும் என்று கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

படி 3: பாஸ்போர்ட்டைத் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்

முதலில் முடிவுத் தேதி. பல நாடுகள் பயணத்திற்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கின்றன. ஷெங்கன் பகுதி, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அடுத்து வழங்கிய தேதி: ஷெங்கன் விதிப்படி பாஸ்போர்ட் கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதாக, வெற்றுப் பக்கங்கள்; குறைந்தது இரண்டு இருப்பது நல்லது. நான்காவது பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில்தான் விமானச் சீட்டிலும் கப்பல் சீட்டிலும் பெயர் இருக்க வேண்டும். முன்னெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதுவது நம்மில் பலருக்குப் பழக்கம். சீட்டு எடுக்கும்போது அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவைத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் துறைமுகங்கள் பட்டியலில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவையா என்று பாருங்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. குழந்தை தாயுடனோ தந்தையுடனோ மட்டும் வருவதாக இருந்தால், மற்றவரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 4: ஊர் வேறு, துறைமுகம் வேறு

விளம்பரத்தில் ரோம் என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியாவில், ரோம் நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டே; இரயிலில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். லண்டன் என்று போட்டிருக்கும் பயணங்களில் பல சவுத்தாம்ப்டனில் தொடங்குகின்றன. வெனிஸ் இன்னும் கவனிக்க வேண்டிய இடம்: 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரின் கால்வாய்க்குள் வரத் தடை இருப்பதால், வெனிஸ் பெயரில் விற்கப்படும் சில பயணங்கள் ராவென்னா என்ற வேறோர் ஊரில் புறப்படுகின்றன. அதற்கு வெனிஸைவிடப் பொலோனா விமான நிலையமே பக்கம். ஆகவே, சீட்டில் உள்ள துறைமுகத்தின் பெயரையும் முனையத்தின் பெயரையும் வரைபடத்தில் தேடிப் பார்த்த பிறகே விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 5: விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே ஊரை அடைந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பல நேர மண்டலங்களைக் கடந்து போவதாக இருந்தாலோ, குளிர்காலப் பனிக்குப் பெயர்போன விமான நிலையத்தில் மாறுவதாக இருந்தாலோ, இரண்டு நாள் முன்பே சென்றுவிடுவது நல்லது. ஒரு நாள் விடுதி வாடகை வீண் செலவாகத் தோன்றலாம். பெட்டி வராமல் போனால் அதைத் தேடிப் பிடிப்பதற்குக் கிடைக்கும் ஒரே நாளும் அதுதான்.

சீட்டில் மாலை 4 மணிக்குப் புறப்பாடு என்று இருந்தால் 4 மணிக்கு முன்பு போனால் போதும் என்று பொருளில்லை. பயணிகள் பட்டியலை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால், புறப்பாட்டுக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்திற்கு முன்பே பதிவு முகப்பை மூடிவிடுகிறார்கள். கப்பல் கண்ணெதிரே நின்றாலும் அதன் பிறகு ஏற முடியாது.

வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால், எல்லாப் பகுதிகளையும் ஒரே சீட்டாக எடுங்கள். ஒரே சீட்டில் முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டாக இருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல்போன பயணி, அவ்வளவுதான். மாறும் இடத்தின் விதியையும் பாருங்கள். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறினாலும் முறையாக நாட்டிற்குள் நுழைந்தே ஆக வேண்டும். ஆகவே விசாவோ அதற்கு ஈடான அனுமதியோ கட்டாயம், இறங்கும் முதல் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மீண்டும் ஒப்படைக்கவும் வேண்டும். ஐரோப்பாவிலும், பிராங்க்பர்ட்டில் மாறிப் பார்சிலோனா செல்பவருக்குப் பாஸ்போர்ட் சோதனை பிராங்க்பர்ட்டிலேயே நடந்துவிடும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியிருப்பதால், முதல்முறை செல்பவர்கள் அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் விட வேண்டும். ஒன்றேகால் மணி நேர இடைவெளி தாளில் போதுமானதாகத் தெரியும்; வரிசையில் நிற்கும்போது போதாது.

பசிபிக் கடலைக் கடப்பவர்கள் நாள்காட்டியையும் சரிபார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளி இரவு விமானம் ஏறுபவர் சிட்னியில் ஞாயிறு காலை இறங்குவார்; சனிக்கிழமை புறப்படும் கப்பலுக்கு அந்த விமானம் உதவாது.

கப்பல் நிறுவனத்தின் மூலமாகவே விமானச் சீட்டு எடுப்பதில் ஒரு நன்மை உண்டு: தாமதம் நேர்ந்தால் உங்களைக் கப்பலில் கொண்டுசேர்க்க அவர்கள் முயல்வார்கள். நீங்களாகச் சீட்டு எடுப்பதாக இருந்தால், பயணக் காப்பீட்டில் புறப்பாட்டைத் தவறவிடுவதற்கான பிரிவு இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்திலிருந்து அது பணம் தரும் என்று வாசித்துப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி விமானத் தாமதத்திற்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கிடைக்கலாம். போய்விட்ட கப்பலின் கட்டணத்திற்கு அது ஈடாகாது.

படி 6: விமான நிலையத்திலும் துறைமுகத்திலும்

ஒருவழி விமானச் சீட்டோடு செல்லும் கப்பல் பயணியிடம், அந்த நாட்டைவிட்டு எப்படி வெளியேறுவீர்கள் என்று விமான நிறுவன ஊழியர் கேட்பது இயல்பு. ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் நிறுவனத்திற்கு அபராதம் விழும் என்பதால் அவர் கேட்டே தீருவார். உங்கள் பெயரும் துறைமுகங்களும் தேதிகளும் உள்ள கப்பல் சீட்டை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் அதைக் காட்டலாம். படி 1இல் எழுதிய தாளையும் அதனுடன் வையுங்கள். ஊழியர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அதில் இருக்கும்.

துறைமுகத்தில் வண்டியிலிருந்து இறங்கியதும் சுமை தூக்குபவர் பெட்டிகளை வாங்கிக்கொள்வார். அவை மாலைக்குள் அறைவாசலுக்கு வந்துவிடும், அதுவரை உங்கள் கண்ணில் படா. பாஸ்போர்ட், விசாத் தாள், மருந்து ஆகியவை பெரிய பெட்டியில் போய்விட்டால், பதிவு முகப்பில் காட்ட ஒன்றும் இருக்காது. பல நூறு பெட்டிகளுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இவை மூன்றும் தோளில் மாட்டும் பையில் மட்டுமே இருக்க வேண்டும்.

இடையில் உள்ள ஊர்களில் இறங்கும்போது, கடிகாரத்தைக் கப்பல் நேரத்திற்கு வைத்திருங்கள். கைப்பேசி உள்ளூர் நேரத்திற்குத் தானாக மாறிவிடும். கப்பலின் அன்றாட அறிவிப்புத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் உங்களுக்கு உதவக்கூடியவர் அவர்தான்.

படி 7: திரும்பும் விமானம்

காலை ஆறு, ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும், அதிகாரிகள் அனுமதி தந்த பிறகே பயணிகளை வரிசையாக இறக்குவார்கள். கடைசிக் குழு வெளியே வர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். விமான நிலையம் அருகில் இருந்தால் நண்பகலுக்குப் பிந்தைய விமானமும், சிவிட்டாவெக்கியா போலத் தொலைவில் இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்தைய விமானமும் பாதுகாப்பானவை. லே ஹாவ்ர், வார்னமுண்டே போன்ற இடங்களில் மாலை விமானம் அல்லது மறுநாள் விமானம் எடுப்பேன்.

முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வரும். மறுநாள் உடுத்த வேண்டிய துணியையும் காலணியையும் முதலில் எடுத்து வெளியே வையுங்கள், அறையின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போடுங்கள், அதன் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.