தகர ஷீட் வீட்டுக்கு ஆட்டு ரோம சீலிங்: கொடைக்கானல் ஓதத்துக்கு ஒரு வழி

கொடைக்கானல்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழையும் மிஸ்டும் மாத்தி மாத்தி வரும். பீரோவுல இருக்கற பட்டுப்புடவைல பூசணம் பூக்கும், விடியக்காலைல ஷீட்ல இருந்து கட்டில் மேல சொட்டு சொட்டா விழும், ஓட்டைன்னு நெனச்சு தார் அடிச்சாலும் நிக்காது. அது மழைத்தண்ணியே இல்லங்க. நம்ம மூச்சு, கொதிக்கற உலை, உள்ள காயப்போட்ட துணி, இதுல இருந்து வர்ற ஆவிதான் ராத்திரி சில்லுன்னு ஆன ஷீட்ல பட்டு தண்ணியாகுது. ரூம்ல 20 டிகிரி, 60 சதவீதம் ஈரப்பதம்னா, 12 டிகிரிக்கு கீழ இருக்கற எந்த இடத்துலயும் தண்ணி படியும்.

அதனால ரூம் காத்து ஷீட்டுக்கு நேரா போகக்கூடாது, நடுவுல ஒரு மெத்தை வேணும். தெர்மாகோல் குளிரை தடுக்கும், ஈரத்தை வாங்கி வெச்சுக்காது. ஆட்டு ரோமம் தன் எடைல 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கும், அப்பவும் தொட்டா ஈரம் தெரியாது, இழுக்கும்போது லேசா சூடும் விடும், காத்து காஞ்சா திருப்பி விட்டுடும். நான் ரோமம்தான் சொல்லுவேன். கொடைக்கானல் பக்கத்துல மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கு, மேல்மலைல ஆடு வளக்கறவங்களும் இருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க, சீலிங்குக்கு முரட்டு ரோமமே போதும்.

ரோமத்தை வெந்நீர்ல சோப்புத்தூள் போட்டு ஊறவெச்சு அலசுங்க, கசக்கவே கூடாது, கசக்கினா திரண்டு கட்டியாயிடும், அப்புறம் உள்ள காத்து நிக்காது, காத்து நின்னாதான் கதகதப்பு. அடுத்து வெங்காரம், அதாவது போராக்ஸ், கரைச்ச தண்ணில முக்கி எடுங்க, இல்லன்னா அந்துப்பூச்சி தின்னுடும் (கிளவுஸ் போட்டுக்கோங்க, குழந்தைங்க பக்கத்துல வேணாம்). பிப்ரவரி, மார்ச் வெயில்ல நல்லா காயட்டும். கையால பிச்சு உதறி, 4 இஞ்ச் கனத்துக்கு பரப்பினா 100 சதுர அடிக்கு சுமார் 15 கிலோ ஆகும்.

கீழ இருந்து வரிசை இதுதான்: பலகை, அது மேல காடாத்துணி, அப்புறம் அழுத்தாம போட்ட ரோமம், அது மேல ஆவியை விட்டு தண்ணியை மட்டும் தடுக்கற பிரீத்தபிள் மெம்பிரேன், அதுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 2 இஞ்ச் இடைவெளி. இந்த இடைவெளி ரெண்டு பக்க இறவாரத்துலயும் திறந்திருக்கணும், எலி வராம வலை அடிச்சிடுங்க. மெம்பிரேனுக்கு பதிலா தார்பாலின் போட்றலாம்னு ஆசாரி சொன்னா ஒத்துக்காதீங்க, ஆவி வெளிய போக வழியில்லாம ரோமம் நனைஞ்சு நாத்தம் அடிக்கும். வயரெல்லாம் பைப்புக்குள்ள ஓடட்டும், புகைக்கூண்டு பக்கம் ரோமமே வேணாம்.

கல்லும் மண்ணும் வெச்சு கட்டின பழைய சுவர்னா எமல்ஷன் பெயிண்ட், சிமெண்ட் பூச்சு ரெண்டும் வேணாம், சுண்ணாம்பு போதும், முடிஞ்சா உள்பக்கம் 2 செ.மீ. மண் பூச்சு, அதுவும் ஈரத்தை வாங்கி விடும். ஆனா கூரை ஒழுகினாலோ அடித்தளத்துல தண்ணி தேங்கினாலோ முதல்ல அதை சரி பண்ணுங்க, எந்த ரோமமும் அதை தாங்காது.

அப்புறம் ஜன்னல். மிஸ்ட்ல திறந்தா ஈரம் உள்ள வந்துடும்னு எல்லாரும் பூட்டியே வெக்கறாங்க. வெளிய 10 டிகிரில முழு ஈரமா இருக்கற காத்துகூட உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடானா ஈரப்பதம் சுமார் 53 சதவீதம்தான். அதனால ரூம் கதகதப்பா இருக்கறப்போ, முக்கியமா சமைச்சு முடிச்சதும், பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னலை திறந்து விடுங்க. சின்னதா ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்க, நாள் கணக்கா 70க்கு மேலயே நின்னா சீலிங்ல ஒரு பலகையை கழட்டி ரோமத்துக்குள்ள கைய விட்டுப் பாருங்க.